கரிச்சானின் இரண்டாம் தொழில்

ஆறு வருடமாகக் காகிதத்திலேயே திருடிக்கொண்டிருந்த கரிச்சான் என்ற கள்ளன், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மூன்றரை மணி டீ நேரத்துக்கு, வேப்பங்காட்டுக் குடியிருப்பு பி பிளாக் இரண்டாம் மாடியில், துரைசிங்கம் வீட்டு வாசலில் நனைந்தபடி வந்து நின்று, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, "டீ இருக்குதுங்களா?" என்று கேட்டான். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆள் குட்டை, ஏனென்றால் அவனை உண்டாக்கிய அன்று உயரத்துக்கு உருட்டிய பகடையில் இரண்டுதான் விழுந்தது. இடது காது மடலில் ஒரு துண்டு இல்லை, ஏனென்றால் இரண்டாம் வருடம் உப்பளக் கோட்டையில் ஒரு வேட்டை நாய் அதைக் கவ்விக்கொண்டு போனது. விரல்கள் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளம், ஏனென்றால் கைத்திறனுக்கு அவன் தாளில் பதினெட்டு என்று இருந்தது. துரைசிங்கத்தின் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஆள் கணக்கை எண்ணிக்கொண்டு பாலில் இன்னும் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றினாள்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடலாம். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் தலைக்கு ஓர் ஆளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த ஆளாகவே பேசி, அந்த ஆளாகவே சண்டை போட்டு, கோட்டை, குகை, பாழுங்கிணறு என்று கதைக்குள் போய்வருவார்கள். எண்ணிய காரியம் பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருக்கும் துரைசிங்கம் எங்கிருந்தோ ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பிடித்துவந்து, ஷிப்டுகளுக்கு நடுவே பஸ் ஸ்டாண்டு ஷெட்டில் உட்கார்ந்து, அது முழுவதையும் ஒரு லாங் சைஸ் நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தார். மெக்கானிக் மாரப்பன் ஒரு போர்வீரனை வைத்திருந்தார். பார்மசி கல்லூரியில் பாடம் நடத்தும் நஸ்ரின் ஒரு சூனியக்காரியை வைத்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் செண்பகவல்லி கரிச்சானை வைத்திருந்தாள்.

அந்த மேசைக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. யாரும் அவற்றை மீறுவதில்லை. தாளில் மற்றதெல்லாம் பென்சிலில் இருக்கலாம், பெயரையும் தொழிலையும் மட்டும் ஆடுகிறவர் தன் கையாலேயே மையில் எழுத வேண்டும், எழுதினால் எழுதியதுதான். துரைசிங்கம் "செய்றாரா?" என்று கேட்டால் யோசிக்காமல் அந்த நொடியே "செய்றாரு" அல்லது "செய்யல" என்று உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது, முதல் வருடம் மாரப்பன் ஒரு கதவைத் திறப்பதா வேண்டாமா என்று முக்கால் மணி நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்ததால் வந்த விதி இது. அப்புறம், ஆளுக்கு வாய் கிடையாது. ஆடுகிறவரின் வாய்தான் ஆளின் வாய். ஆகவே, டீயைக் குடித்து முடித்த கரிச்சான், கதையில் தான் ஏறிக்கொண்டிருந்த மதில் சுவரைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, துரைசிங்கம் செண்பகவல்லியைப் பார்த்து, "உங்க ஆளைச் சித்த சும்மா இருக்கச் சொல்லுங்கம்மா, ஆட்டம் கலையுது" என்றார். அவளும் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அவன் ஓரத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தனக்காக உருளும் பகடையைக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி நாலு பிளாக்குக்கும் போய்விட்டது. எப்படி வந்தான் என்று யாரும் கேட்கவில்லை, எங்கே படுப்பான் என்றுதான் கேட்டார்கள். சி பிளாக் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த மோட்டார் ரூமைக் கூட்டிவிட்டு ஒரு பாயைப் போட்டார்கள். சங்கச் செயலாளர் அர்த்தநாரி, விதி என்றால் விதிதான் என்கிற ஆள், புதிதாகக் குடிவருகிறவர்கள் ஆதார் ஜெராக்ஸ் இரண்டு, போட்டோ ஒன்று கொடுக்க வேண்டும் என்றார். ஆதாருக்கு எங்கே போவது? செண்பகவல்லி அவனுடைய தாளையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். அர்த்தநாரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பெயர், வயது, தொழில், வலிமை, கைத்திறன், வசீகரம் என்று வரிசையாகப் படித்து, "வலிமை வெறும் ஒம்பதுதானுங்களா? சிலிண்டர் தூக்க ஆவான்னு நெனச்சேன்" என்று வருத்தப்பட்டு, தாளில் துளை போட்டுக் கோப்பில் கோர்த்தார்.

தொழில் கள்ளன் என்று மையில் எழுதியிருந்ததால் கரிச்சான் திருடினான். பெரிதாக எதையும் எடுக்கமாட்டான்: குக்கர் வெயிட், ரிமோட்டின் பின்மூடி, கேரம் போர்டின் சிவப்புக் காய், ஒற்றைக் கம்மலின் திருகாணி, ஒருமுறை ஏ பிளாக்கின் பதினான்காம் படிக்கட்டு விளக்கு. முதல் மாதம் கத்தினார்கள். இரண்டாம் மாதம் அவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஜன்னல் விளிம்பில் பழைய சாவிக்கொத்து, உடைந்த கடிகாரம் என்று எதையாவது வைத்தார்கள், வைத்ததை அவன் சீந்தவே இல்லை. மூன்றாம் மாதம் அது ஒரு கௌரவமாகிவிட்டது. எங்கள் வீட்டில் இரண்டு தடவை என்று ஒருத்தி சொன்னால் எங்கள் வீட்டில் மூன்று என்று இன்னொருத்தி சொன்னாள். ஏ பிளாக் கீழ்த்தளத்துப் பாவாத்தாள், மூட்டு வலிக்காரி, செண்பகவல்லியை வழிமறித்தே கேட்டுவிட்டாள். "ஏனம்மிணி, என்ற ஊட்டுல ஒரு ஸ்பூனக்கூட அவன் எடுக்கலையே, நாங்க அவ்வளவுக்குக் கேவலமாப் போயிட்டமா?" செண்பகவல்லி அவனிடம் சொல்ல, மறுநாள் பாவாத்தாளின் இட்லிப் பானை மூடி காணாமல் போனது, அந்த அம்மாள் அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இதற்கெல்லாம் ஈடாகப் பூட்டு திறந்து கொடுத்தான். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள், பாத்ரூமில் தாழ்ப்பாள் விழுந்து மாட்டிக்கொண்ட குழந்தைகள், கல்யாணத்தன்றே பீரோ சாவியைத் தொலைத்தவர்கள், யார் கூப்பிட்டாலும் வருவான், ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் திறந்துவிடுவான், திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்கென்றே பூட்டாத பூட்டைப் பூட்டிக்கொண்டவர்களும் உண்டு.

செண்பகவல்லிக்கு நாற்பத்திரண்டு வயது, தனி ஆள், அதிர்ந்து பேசாதவள். கடை முதலாளி கஸ்டமர் முன்னாலேயே அவளைத் திட்டினாலும் "சரிங்க சார்" என்பாள். அந்தத் திட்டுக்கு அவள் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஞாயிற்றுக்கிழமை மேசையில், ஏதோ ஒரு பாளையக்காரனைப் பார்த்துக் கரிச்சானின் வாயாக வரும், மாரப்பன் சிரித்துச் சிரித்து டீயைச் சிந்துவார். அப்படி ஆறு வருடம் அவள் சேர்த்துக் கொடுத்த துடுக்கெல்லாம் இப்போது கால் முளைத்து, வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தது. முதலாளி நடப்பது போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவன் ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து காட்டுவான், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. தம்பி என்று கூப்பிட்டாள், ரசத்தில் அவனுக்கு மட்டும் தெளிவு எடுத்து ஊற்றினாள், அவன் இல்லாமல் இத்தனை வருடம் எப்படிச் சாப்பிட்டோம் என்று தட்டைக் கழுவும்போது நினைத்துக்கொண்டாள்.

தை மாதம் கரிச்சான் ஆட்டத்தில் ஐந்தாம் படி ஏறினான். ஐந்தாம் படி ஏறிய ஆள் விரும்பினால் இரண்டாவதாக ஒரு தொழில் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஆட்டத்தின் விதி. மற்ற மேசைகளில் இது ஒரு மத்தியானத்துச் சந்தோஷம், எதற்கு எது பொருந்தும் என்று பேசிப் பேசியே பொழுது போய்விடும்: கள்ளன் மந்திரம் படித்தால் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பான், வைத்தியம் படித்தால் அவன் விரலுக்கு நாடியும் ஒரு பூட்டுதான், வேட்டை படித்தால் காட்டிலும் தடம் தெரியாது, பாட்டுப் படித்தால் கதவை உள்ளே இருப்பவர்களே திறந்துவிடுவார்கள். எண்களைக் கண்டால் விடமாட்டாத நஸ்ரின் கிராப் நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். "செண்பகாக்கா, அவனுக்கு வசீகரம் ஆறுதான் இருக்கு, அதை வச்சிக்கிட்டு பாட்டுன்னு எடுத்தீங்கன்னா சனங்க கல்லெடுத்து அடிப்பாங்க. எது கொறச்சலா இருக்கோ அதை நிரப்புற தொழிலா எடுக்கோணும்" என்றாள்.

குடியிருப்பில் விஷயம் பரவியதும், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீட்டுக்கு என்னென்ன நடக்குமோ அத்தனையும் செண்பகவல்லிக்கு நடந்தது. படிக்கட்டில் நிறுத்திச் சொன்னார்கள், பால் வாங்கும் இடத்தில் சொன்னார்கள், கடைக்குப் பவர் பார்க்க வருவதுபோல வந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துகளைப் படிப்பதற்குப் பதில் யோசனை சொன்னார்கள். பாவாத்தாள் வைத்தியம்தான் என்றாள், மூட்டைத் தடவிக்கொண்டே. பிள்ளையார் கோயில் கமிட்டி பாட்டு என்றது. பிள்ளைகள் மந்திரவாதி என்று சுவரில் கரியால் எழுதி வைத்தார்கள். அறுபத்துநாலு வீட்டிலும் ஆளுக்கொரு கருத்து இருந்தது, இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக் கருத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்து டி பிளாக்குக்குப் புதிதாக ஒருவர் குடிவந்தார். அவர் பைக்கின் இடது பக்கக் கண்ணாடி காணாமல் போயிற்று. இது உங்களுக்குக் கிடைத்த மரியாதை என்று அக்கம்பக்கத்தில் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்கள். அவர் கேட்கிற ஆளாக இல்லை. தெரிந்தே ஒரு திருடனை மொட்டைமாடியில் வைத்துச் சோறு போடுகிறீர்களா, போலீசுக்குப் போகிறேன் என்று நின்றார். சங்கம் கூடியது. மாசக் கடைசிக்குள் கரிச்சான் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் எழுதும் நேரத்தில் செண்பகவல்லி எழுந்து நின்று, "அவன் போறதுக்கு வேற எடம் இல்லீங்க" என்றாள்.

அர்த்தநாரி கெட்டவர் இல்லை. பேனாவை மூடிக்கொண்டு யோசித்தார்.

"ஏனுங்கம்மிணி, அவன் ரெண்டாவது தொழில் ஒண்ணு எடுக்கப் போறானாமே? அதைக் காவல்னு எழுதிப்போடுங்களே. வாட்ச்மேன் போய் நாலு மாசமாச்சு. காவல்காரனையே திருடன்னு எவன் சொல்லுவான்? இவரும் போலீசுக்குப் போவ மாட்டாரு, அவனும் இங்கயே இருந்துக்குவான்."

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. புதியவரும் ஆட்டினார். செண்பகவல்லிக்கு மூச்சு வந்தது. அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள் என்பதை அப்புறம் எத்தனையோ முறை நினைத்து அழுதிருக்கிறாள்.

ஏனென்றால் அவன் சொல்ல வந்தான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. முதல் தடவை அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அக்கா, அந்த ரெண்டாந்தொழில் விசயமா ஒண்ணு சொல்லோணுங்க" என்று ஆரம்பித்தான். "அதெல்லாம் மேசையில பேசிக்கலாம் தம்பி" என்றாள். மேசையில் அவனுக்கு வாய் இல்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. இரண்டாம் தடவை கடைக்கே வந்துவிட்டான், சட்டையை மடிப்பு எடுத்துப் போட்டிருந்தான், தலைக்கு எண்ணெய் வைத்திருந்தான். உள்ளே மூன்று பேர் காத்திருந்தார்கள், முதலாளி வேறு பார்த்துக்கொண்டிருந்தார், "சாயங்காலம் பாப்போம், போ" என்று அனுப்பினாள், சாயங்காலம் அவளுக்கு மறந்துபோயிற்று. மூன்றாம் தடவை அந்த ஞாயிற்றுக்கிழமை, துரைசிங்கம் வீட்டுப் படிக்கட்டில். "அக்கா, ஒரு நிமிசம்" என்றான். அவனுடைய நீளமான விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. அவள் அவன் தோளைத் தட்டி, "எல்லாம் உன்ற நல்லதுக்குத்தான் பண்றேன் சாமி, பயப்படாத" என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது என்று மேலே ஏறிப் போனாள்.

மேசையில் நஸ்ரின் கட்டம் போட்டதைக் காட்டினாள். காவல் எடுத்தால் வலிமைக்கு நாலு கூடும், கேடயம் பிடிக்கலாம், ஒரு சுற்றில் இரண்டு அடி அடிக்கலாம். கள்ளனின் குறை எல்லாம் காவலனால் நிரம்பும் என்று எண்கள் சொல்லின. துரைசிங்கம் நோட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து அட்டவணையை மட்டும் உரக்கப் படித்தார், ஏனென்றால் எல்லோரும் அட்டவணையைத்தான் கேட்டார்கள். பக்கத்தைத் திருப்பவில்லை. "கரிச்சான் காவலனாகுறாரு. செய்றாரா?" என்றார். "செய்றாரு" என்றாள் செண்பகவல்லி, பேனாவைத் திறந்து, கள்ளன் என்பதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, காவலன் என்று அழகாக எழுதினாள். ஸ்டூலில் இருந்தவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்க்கப் பார்க்க அவன் தோள் அகன்று சட்டையின் தையல் விட்டது.

முதல் வாரம் குடியிருப்பே கொண்டாடியது. காக்கிச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அவன் காலை ஐந்து மணிக்குக் கேட்டைத் திறந்தான், குரியர்க்காரனிடம் கையெழுத்து வாங்கினான், தண்ணீர் லாரியைப் பின்னால் வரச்சொல்லிக் கை காட்டினான், புதியவரின் பைக் கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டான். எந்த வீட்டிலும் எதுவும் காணாமல் போகவில்லை. குக்கர்கள் எல்லாம் ஒழுங்காக விசிலடித்தன. இரண்டாம் வாரம் பாவாத்தாள் புதிதாக வாங்கிய இட்லிப் பானை மூடியை வாசலில் வைத்துவிட்டு ஜன்னல் வழியே நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து அதை எடுத்து, "கவனமா வைங்கம்மா" என்று உள்ளே கொடுத்துவிட்டுப் போனான். கதவைப் பூட்டிக்கொண்டவர்களுக்குப் பூட்டுக்காரனின் போன் நம்பரைக் கொடுத்தான். செண்பகவல்லி வீட்டுக்குச் சாப்பிட வருவது நின்றது. டிபன் பாக்ஸில் போட்டுக் கேட்டுக்குக் கொண்டுபோனால், "டூட்டியில இருக்கறப்ப வாங்கக்கூடாதுங்க அக்கா" என்றான். முதலாளி மாதிரி ஒருதரம் நடந்து காட்டச் சொல்லிக் கேட்டாள். அவன் அவளை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாம் வாரம் கரிச்சான் ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக்கொண்டு ஏ பிளாக் ஒன்றாம் நம்பர் வீட்டிலிருந்து விசாரணையை ஆரம்பித்தான்.

அப்போதுதான் துரைசிங்கம் பக்கத்தைத் திருப்பினார். அவரே பஸ் ஸ்டாண்டு ஷெட்டில் உட்கார்ந்து எழுதி, அவரே மறந்துபோயிருந்த காவலனின் உறுதிமொழி அங்கே இருந்தது: தன் எல்லைக்குள் களவு நடந்திருந்தால், கள்ளன் யாராக இருந்தாலும், ஒரு சாட்சி கிடைத்த அந்தக் கணமே பிடித்து எல்லைக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும்; கொண்டுபோகப்பட்டவர் திரும்பி வரலாகாது. துரைசிங்கம் அதை மற்ற மூவருக்கும் படித்துக்காட்டினார். நஸ்ரின் ஒயிட்னர் வாங்கிவந்து காவலன் என்பதை அழித்தாள். காலையில் பார்த்தால் வெள்ளைக்கு மேல் எழுத்து இன்னும் கறுப்பாக இருந்தது.

ஒரு சாட்சிதானே, அது கிடைக்காமல் பார்த்துக்கொள்வோம் என்றார் அர்த்தநாரி. விதியே கதி என்றிருந்த அந்த மனிதர் வீடு வீடாகப் போய்ப் பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சினார். செண்பகவல்லி வீடு நீங்கலாக அறுபத்துமூன்று வீடும் பொய் சொன்னது. "குக்கர் வெயிட்டுங்களா? நாங்களே குடுத்ததுங்க." "கம்மல் திருகாணியா? எங்களுக்குக் காதே குத்தலீங்க." பாவாத்தாள், "என்ற ஊட்டுல ஒண்ணுமே போகலை சாமி, சத்தியமா, நானென்ன அவ்வளவு பெரிய ஆளா?" என்று, தன் பெருமையையே கழற்றி அவன் காலடியில் வைத்தாள். புதிதாகக் குடிவந்தவர்கூட, திரும்ப மாட்டிய கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பைக் வாங்கும்போதே அதற்குக் கண்ணாடி ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்தார். கரிச்சான் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டான். எழுதும்போது அவன் கண் யாரையும் பார்க்கவில்லை.

அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கும் அவன் கேட்டருகே நின்றுகொண்டிருப்பான். செண்பகவல்லியிடமும் கேட்கத்தான் வருவான் என்று அவளுக்குத் தெரியும். கடையில், வீட்டில், பஸ்ஸில் நின்றபடி, அவன் எதையும் எடுக்கவில்லை, அவன் எதையும் எடுக்கவில்லை என்று சொல்லிச் சொல்லிப் பழகினாள், கண்ணாடி முன் நின்று முகம் மாறாமல் சொல்லும்வரை பழகினாள். அவன் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கடைக்கு வந்து கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

அவன் ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு மேசைக்கு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஸ்டூலில் உட்காராமல், துரைசிங்கத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். பகடை அப்போதுதான் உருண்டு நின்றிருந்தது. துரைசிங்கம் கேட்கிற அதே குரலில், அதே வேகத்தில், "கரிச்சான் திருடுறாரா?" என்றான்.

"திருடுறாரு" என்றாள் செண்பகவல்லி.

ஆறு வருடப் பழக்கம், நாக்கு அவளைக் கேட்கவே இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள். "இல்ல, இல்ல, நான் சொல்லலை" என்றாள். மாரப்பன் மேசையில் தலையை முட்டிக்கொண்டார். கரிச்சான் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினான், பென்சிலைச் சட்டைப் பையில் சொருகினான், தன் இடது மணிக்கட்டைத் தன் வலது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான்.

நாலு மணி வெயிலில் நாலு பிளாக்கும் கீழே இறங்கி வந்துவிட்டது. பிடித்த கை முன்னால் இழுத்தது, பிடிபட்ட கை பின்னால் இழுத்தது, நடுவில் அவன் கொஞ்சம் கோணிக்கொண்டு நடந்தான். அர்த்தநாரி கோப்பைத் திறந்து அவனுடைய தாளைக் காட்டி, நீ இங்கே குடியிருக்கிறவன், உன்னைப் போகச் சொல்லச் சங்கத்தின் தீர்மானம் வேண்டும் என்று கத்தினார். பாவாத்தாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். "உன்னைய நீயே புடிச்சுட்டுப் போறயே, இதென்ன கொடுமை சாமி" என்று அழுதாள். அர்த்தநாரி கேட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கிணற்றில் போட்டிருந்தார். காவலன் பூட்டின் முன் நின்று என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தான். அப்போது இடது கையின் விரல்கள் பாவாத்தாளின் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, பிடிபட்ட நிலையிலேயே, ஒரு தும்மல் நேரத்துக்குள் பூட்டைத் திறந்தன. அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை கைதட்டியது. அடுத்த நொடி அவன் கண்ணைத் திறந்து, கையை விட்டு, நோட்டை எடுத்து அதையும் ஒரு குற்றமாக எழுதிக்கொண்டு, மறுபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு நோட்டைச் செண்பகவல்லியிடம் நீட்டினான். சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். அவள் போட்டாள், போடாவிட்டாலும் அவன் போகத்தான் போகிறான். கடையில் நாள் பூராவும், வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, இது தெளிவா, இல்லை இது தெளிவா என்று கேட்டுக் கேட்டே பிழைக்கிறவள் அவள். இவனுக்காகப் பகடையை எத்தனையோ ஆயிரம் முறை உருட்டிக் கேட்டிருக்கிறாள். இவனிடம் ஒரு தடவை கேட்டதில்லை. எண்ணெய் வைத்துத் தலை சீவிக்கொண்டு கடை வாசலில் நின்ற அந்த முகம் அவளுக்கு இப்போதுதான் சரியாகத் தெரிந்தது. பாட்டா, வைத்தியமா, மந்திரமா, இல்லை கள்ளனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லத்தான் வந்தானா?

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் அவன் இடது கையைத் தொட்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"தம்பி, உனக்கு என்ன ஆவோணும்னு இருந்துச்சு? இப்பச் சொல்லு சாமி, அக்கா கேக்கறேன்" என்றாள்.

அவன் உதடு பிரிந்தது. உடனே வலது கை மேலே வந்து, பிடித்த மணிக்கட்டோடு சேர்த்து, அவனை அவளிடமிருந்து ஓரடி பின்னால் தள்ளி நிறுத்தியது.

"புடிச்ச ஆளுகிட்ட யாரும் பேசக்கூடாதுங்க அக்கா" என்றான் காவலன்.